விருந்தாளி வந்த நாளில் விடுமுறை

அவளுக்குப் பாலம் என்று பெயர் வைத்தது அவளுடைய அண்ணன்தான். அதுவும் கிண்டலுக்கு.

அப்பா விட்டுப்போன தோல் கையுறைத் தொழிற்சாலையை அண்ணன் நடத்தினார். முன்னறையில் உட்கார்ந்து வெளியூர் வியாபாரக் கடிதங்களை அவள் பார்த்துக்கொண்டாள். ஐரோப்பாவில் ஒரு சின்ன நாட்டில் தோட்டக்காரரும் கொத்தனாரும் வெல்டரும் கையுறை போடாமல் வேலையைத் தொடவே மாட்டார்கள் என்று எங்கோ படித்தவள், ஒருநாள் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டாள்: "அந்த நாட்டுப் பாஷையைக் கத்துக்கிட்டு நாமளே நேரா பேசினா என்ன?"

வீடே சிரித்தது. அண்ணனுக்குப் புரையேறியது.

"ரெண்டு நாட்டுக்கும் நடுவுல நம்ம பாப்பா பாலம் போடப் போறாளாம்! ஏன் பாப்பா, மேல லாரி ஏறினா தாங்குவியா?"

தாங்கினாள்! அதுதான் அதிசயம். காதில் ஒலிப்பாடத்தை மாட்டிக்கொண்டு துணி துவைத்தாள், காய் நறுக்கினாள், பேருந்துக்குக் காத்திருந்தாள். தொண்டையைக் கீறிக்கொண்டு வரும் அந்த ஊர் எழுத்துகளைப் பாத்திரம் தேய்த்துக்கொண்டே உச்சரித்தாள். லாரி ஆபீசில் கணக்கெழுதும் அவளுடைய வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "திட்டுறதா இருந்தா நம்ம பாஷையிலேயே திட்டிடு. புரியாம நான் பாட்டுக்குச் சிரிச்சு வைக்கிறேன்" என்பார்.

அந்த நாட்டின் கையுறை வியாபாரிகள் ஒவ்வொருவருக்கும் எழுதினாள். பெரும்பாலும் பதில் வராது. வந்தால், 'நன்றி, தேவையில்லை' என்று வரும். மாதிரிக் கையுறைகளைப் பெட்டி கட்டி அனுப்புவாள். கட்டைவிரல் இறுக்கம் என்று ஒருவர் சொன்னால் வெட்டும் பகுதிக்கு ஓடி, அச்சுத்தகட்டை மாற்றச் சொல்லி, மறுபடியும் அனுப்புவாள். இப்படியே தலையில் முன்பக்கம் நரை எட்டிப் பார்க்கும் வயதுவரை வந்துவிட்டாள். பாலம் என்ற கிண்டல் தேய்ந்து அதுவே அவள் பெயராகிவிட்டது. தொழிற்சாலையில் வேலை செய்த பெண்கள் எல்லோருக்கும் அவள் 'பாலம் அக்கா'.

கடைசியில் ஒரு நிறுவனம் மசிந்தது. நேரில் வந்து பார்க்கிறோம் என்றார்கள். அந்தத் தகவல் வந்தபோது அவள் நாற்காலியிலிருந்து எழுந்து, எங்கே போவதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தாள்.

பதறாதா பின்னே? பழைய வாடிக்கை நிறுவனம் கையை விரித்துவிட்டது. கிடங்கில் மாத முடிவுவரை தைக்கத்தான் தோல் இருந்தது. "இவங்க ஆர்டர் கொடுத்தா பிழைச்சோம் பாப்பா. இல்லேன்னா ஷட்டரை இறக்கிட்டு எல்லாருக்கும் கும்பிடு போட வேண்டியதுதான்" என்று அண்ணன் சொல்லியிருந்தார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேலை செய்கிறவர்களுக்கும் விஷயம் தெரியும். கல்யாணத்துக்குப் பெண்ணை வைத்திருந்தவர்கள், வீட்டுக்கடன் வாங்கியவர்கள், தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்கள் என்று ஒரு தெருவே அந்தத் தையல் கூடத்தை நம்பி இருந்தது.

விருந்தாளிகளை அழைத்துவர அவளே விமான நிலையம் இருந்த பெரிய நகரத்துக்கு முந்தின நாளே போனாள். இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் வாங்கும் பிரிவின் தலைவர். கதவு நிலையில் குனிந்துதான் நுழைவார், அவ்வளவு உயரம். அவளாகவே மனதுக்குள் நெட்டையர் என்று பெயர் வைத்துக்கொண்டாள். இன்னொருவர் தொழிற்சாலைகளைச் சோதிக்கும் பெண். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவதும் இறக்குவதுமாக இருப்பார். அவர் கண்ணாடிக்காரி. காரில் வரும் வழியெல்லாம் பாலம் அவர்கள் பாஷையிலேயே பேசினாள். நெட்டையர் ஆச்சரியப்பட்டு, "நீங்கள் எங்கள் ஊரில் எத்தனை வருடம் இருந்தீர்கள்?" என்று கேட்டார்.

"ஒருநாள்கூட இல்லை."

அவர் திரும்பி அவளை முழுசாக ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வையிலேயே ஆர்டர் பாதி கிடைத்துவிட்டது போல அவளுக்கு இருந்தது.

வழியில் அண்ணன் போன் செய்தார். குரலில் குதூகலம். "நீ வந்து பாரு பாப்பா. அசந்துருவே! நம்ம இடமான்னு நீயே கேப்பே."

கேட்டாள். நிஜமாகவே கேட்டாள்.

வாசலில் பிளாஸ்டிக் புல் விரித்திருந்தது. சுவர் எல்லாம் புதுப் பெயின்ட். வாடகைக்கு எடுத்த பூந்தொட்டிகள் வரிசையாக நின்றன. இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையோடு அண்ணன் கைகூப்பி நின்றார். ஆனால் காரை விட்டு இறங்கியதுமே அவளுக்கு ஏதோ உறுத்தியது. என்ன என்று உடனே பிடிபடவில்லை. பிறகு புரிந்தது. சத்தம் இல்லை. தெருமுனையிலேயே கேட்கும் அந்தத் தையல் மெஷின்களின் இரைச்சல் இல்லை.

அண்ணன் தையல் கூடத்தின் கதவைத் தள்ளித் திறந்தார்.

உள்ளே ஒரு ஆள் இல்லை.

மெஷின்கள் எல்லாவற்றுக்கும் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. வரிசை வரிசையாக, அசையாமல், வெள்ளை வெள்ளையாக. பிணவறை மாதிரி! கூடத்தின் ஓரத்தில் இரும்புக் கைகள் நின்றன. தைத்து முடித்த கையுறையை மாட்டிச் சுருக்கம் எடுக்க, சூடேற்றும் உலோகக் கைகள் அவை. பளபளவென்று துடைத்து, ஐந்து விரலும் மேலே விரிந்து, அத்தனை கைகளும் நின்றன. வேலை செய்கிற கை ஒன்றுகூட அங்கே இல்லை. தரையில் ஒரு தோல் துணுக்கு இல்லை, நூல் இல்லை. பின்பக்கக் கதவு விரியத் திறந்து, இரண்டு பூந்தொட்டிகளுக்கு நடுவே காற்று சிலுசிலுவென்று வந்துகொண்டிருந்தது.

பாலம் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே... எல்லாரும் எங்கே?"

"லீவு கொடுத்துட்டேன்!" அண்ணன் முகம் மலர்ந்தது. "விருந்தாளி வர்ற அன்னைக்கு இடம் அமைதியா, சுத்தமா இருக்க வேணாமா? தோல் தூசியும் வேர்வை நாத்தமுமா அவங்களை நிறுத்துறதா? கல்யாண வீட்டுக்கு வந்தவங்களை யாராவது அடுப்படிக்குக் கூட்டிட்டுப் போவாங்களா? நம்ம ஆளுங்க வாசல்ல நின்னு வேடிக்கை வேற பார்ப்பாங்க. அதான், ரெண்டு பஸ் பிடிச்சு, சாப்பாட்டுப் பொட்டலத்தோட எல்லாரையும் அணைக்கட்டுப் பூங்காவுக்கு அனுப்பிட்டேன். பாவம், அவங்களும் ஒருநாள் சந்தோஷமா இருக்கட்டுமே!"

வந்தவர்கள் பார்க்க வந்ததே அந்த அடுப்படியைத்தான்!

பின்னால் நெட்டையரும் கண்ணாடிக்காரியும் அசையாமல் நின்றார்கள். கண்ணாடிக்காரி போய் ஒரு துணியைத் தூக்கி மெஷினைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கண்ணாடியை இறக்கிக்கொண்டு, மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "இங்கே யார் வேலை செய்கிறார்கள்?"

அந்தக் கேள்வியின் அர்த்தம் பாலத்துக்கு உடனே புரிந்தது. அண்ணனுக்கும் பாஷை புரியாமலே, முகத்தைப் பார்த்தே ஏதோ புரிந்துவிட்டது. பதறிப்போய்க் கிசுகிசுத்தார். "மெஷின் சர்வீஸ்னு சொல்லிடு பாப்பா. இன்னைக்கு எல்லா மெஷினுக்கும் சர்வீஸ். சொல்லு, சொல்லு."

ஒரு வினாடி அவளும் யோசித்தாள். நன்றாகப் பொருந்துகிற பொய்தான். ஆனால் அவர்கள் பாஷையில் அவள் எழுதிய முதல் கடிதத்திலிருந்து ஒரு பொய்கூட எழுதியதில்லை. அதனால் உள்ளதை உள்ளபடி சொன்னாள். என் அண்ணன் உங்களை விருந்தாளியாக நினைத்துவிட்டார், அதனால் எல்லோருக்கும் விடுமுறை கொடுத்துப் பூங்காவுக்கு அனுப்பிவிட்டார் என்றாள்.

அவள் பேசி முடித்ததும், சர்வீஸ் பொய்யைத்தான் சொல்லிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு அண்ணன் அவர்களைப் பார்த்துத் தலையாட்டிச் சிரித்தார்.

அவர்கள் நம்பவில்லை.

உண்மையை நம்பவில்லை! பாலம் பேயறைந்தது போல நின்றாள். நெட்டையர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நான் வியாபாரத்தில் பழுத்தவன், அம்மா. வாங்குகிறவன் வரும் நாளில் கடையை மூடிய வியாபாரியை நான் எங்கும் பார்த்ததில்லை." கண்ணாடிக்காரி இன்னும் வெளிப்படையாகப் பேசினார். போன வருடம் வேறொரு ஊரில், வேறொரு நிறுவனம், வாடகைக் கட்டடத்தில் வாடகை மெஷின்களை அடுக்கிக் காட்டியதாம். வேலை நடந்ததெல்லாம் எங்கோ இருட்டுக் கொட்டகைகளில், சின்னப் பிள்ளைகளை வைத்து. "அந்த இடமும் இப்படித்தான் சுத்தமாக இருந்தது" என்றார்.

அடக் கடவுளே, சர்வீஸ் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்களோ!

நெட்டையர் கார் பக்கம் திரும்பினார். பாலம் ஓடிப்போய் எதிரில் நின்றாள். கையை விரித்து, வழியை மறித்து. தான் என்ன செய்கிறோம் என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. "ஒரு மணி நேரப் பயணம்தான்" என்றாள். "பூங்காவுக்கு வாருங்கள். அவர்களோடு நீங்களே பேசுங்கள். பொய் என்றால் அப்படியே விமான நிலையத்துக்குப் போய்விடலாம்."

போனார்கள். அண்ணனும் தன் வண்டியில் பின்னாலேயே வந்தார்.

பூங்காவில் பெரிய மரங்களுக்குக் கீழே அவர்கள் எல்லோரும் இருந்தார்கள்! இருப்பதிலேயே நல்ல புடவை, நல்ல சுடிதார், தலைநிறையப் பூ. ஒரு பக்கம் பந்து விளையாட்டு, ஒரு பக்கம் பாட்டு. பாலத்துக்கு அழுகையே வந்துவிட்டது. காரிலிருந்து நெட்டையர் நிமிர்ந்து நிமிர்ந்து முழு உயரத்துக்கு எழுந்து நின்றதும் ஆட்டம் பாட்டம் எல்லாம் நின்றது.

"அக்கா, என்னக்கா, இவர் பாதி இன்னும் காருக்குள்ளேயே இருக்கா?" என்று ஒரு குரல். கொல்லென்று சிரிப்பு.

குரல் ரேடியோவுடையது. தையல் வரிசையின் மேற்பார்வைக்காரி. வாய் ஓயாது என்பதால் அந்தப் பெயர். அவள்தான் முதலில் துண்டை விரித்து விருந்தாளிகளை உட்கார வைத்தாள். கண்ணாடிக்காரி கேள்வி மேல் கேள்வி கேட்டார். பாலம் நடுவில் உட்கார்ந்து அங்கிருந்து இங்கே, இங்கிருந்து அங்கே மாற்றிக் கொடுத்தாள். எந்த வயதில் வேலைக்குச் சேர்ந்தீர்கள், கூலி எப்போது வரும், உடம்புக்கு முடியாவிட்டால் என்ன ஆகும். பெண்கள் பயமில்லாமல் பேசினார்கள். வேலை நேரத்தில் அப்படிப் பேசியிருப்பார்களா தெரியாது. முதலாளி வாங்கிக் கொடுத்த சாப்பாடு வயிற்றில், மரத்தடிக் காற்று முகத்தில். கட்டைவிரலைத் தைப்பதுதான் கஷ்டம் என்று ஒருத்தி விரலில் ஊசி ஏறிய தழும்பைக் காட்டினாள். இரும்புக் கையில் சூடு பட்ட கதையை இன்னொருத்தி நடித்தே காட்டினாள்.

நெட்டையர் சிரித்தார். கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. நம்பிவிட்டார்கள்! பாலத்துக்கு மூச்சு வந்தது. தள்ளி நின்றிருந்த அண்ணனைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். அவர் நெஞ்சில் கைவைத்து வானத்தைப் பார்த்தார்.

கிளம்பும் நேரம். கண்ணாடிக்காரி எழுந்து, உபசாரத்துக்காக ஒரு வார்த்தை சொன்னார். பாலம் அதைச் சந்தோஷமாகச் சத்தம் போட்டே மாற்றிச் சொன்னாள்:

"உங்க கூடம் இவங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்காம். பின்கதவு வழியா நல்லாக் காத்து வருதாம்!"

ரேடியோ, "பின்கதவா?" என்றாள். "எங்க பின்கதவா?"

பிறகு வெடித்தது பாருங்கள் ஒரு சிரிப்பு! ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

"அது கதவாக்கா? நான் சேர்ந்ததுலேருந்து சுவருன்னுல்ல நினைச்சேன்!"

"அய்யோ, அது திறந்ததைப் பார்க்க நமக்குக் கொடுத்து வைக்கலையேடி!"

"அக்கா, அதுல தொங்குதே பூட்டு, அதுக்கு நாங்க மாப்பிள்ளைன்னு பேரு வச்சிருக்கோம். வந்து உக்காந்தவர்தான், யார் சொன்னாலும் அசைய மாட்டாரு!"

"இன்னைக்கு எழுந்துட்டாராமா? யாரு சீர் கொடுத்தது?"

பாலம் சிரிக்கவில்லை.

போன கோடையில் ஒரு இரும்புக் கை அதிகமாகச் சூடேறி, மாட்டியிருந்த தோல் கருகி, கூடம் முழுக்கப் புகை. பெரிதாக ஒன்றுமில்லை, அணைத்துவிட்டார்கள். ஆனால் அத்தனை பேரும் முன்வாசலில் முண்டியடித்துக்கொண்டு வந்து விழுந்தார்கள். முன்னறையிலிருந்து எழுந்து வந்த அவள்தான், "ஏன் இப்படி ஆட்டுமந்தை மாதிரி வர்றீங்க? பின்னாடி ஒரு கதவு இருக்குல்ல?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். இருமிக்கொண்டு அவளையே பார்த்தார்கள். முதலாளியின் தங்கை தெரிந்துகொண்டே கேலி செய்கிறாள் என்று நினைத்திருப்பார்கள்! அந்தக் கதவை அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். ஒருமுறைகூடத் தள்ளிப் பார்த்ததில்லை. பூட்டு தொங்கியதைக்கூடக் கவனித்ததில்லை. இங்கே வருவதற்கு முன்னால் இதே கண்ணாடிக்காரி கணினித் திரையில் பேசி, பின்கதவு திறந்திருக்குமா என்று கேட்டபோது, "அண்ணே, பின்கதவு திறந்துதானே இருக்கும்?" என்று குரல் கொடுத்தாள். தலையைத் தூக்காமல் அண்ணன், "திறந்துதான் இருக்கும், சொல்லு" என்றார். சொன்னாள். அவள் பொய்யே சொன்னதில்லையாம்!

"என்ன சிரிப்பு?" என்று கண்ணாடிக்காரி கேட்டார். அவரும் சிரித்துக்கொண்டுதான் கேட்டார். மற்றவர்கள் சிரிப்பு தொற்றிக்கொண்டது. "எனக்கும் சொல்லுங்களேன்."

அண்ணன் அதற்குள் பக்கத்தில் வந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது.

"பாப்பா. சும்மா பொம்பளைங்க கேலின்னு சொல்லிடு."

"பூட்டியாண்ணே வச்சிருக்கே?"

"தோல் ரோல் காணாமப் போச்சு, பூட்டினேன். எல்லாரும் செய்யறதுதான். நாளைக்கே திறந்துடறேன். இப்ப வாயைத் திறக்காதே. இத்தனை குடும்பம் இருக்கு, அதை நினைச்சுக்கோ."

அவள் அதைத்தான் நினைத்தாள். அந்தக் குடும்பங்கள் எல்லாம் எதிரே, பூ வைத்துக்கொண்டு, இன்னும் சிரிப்பு அடங்காமல் உட்கார்ந்திருந்தன. காலையில் எழுந்து இவர்களுக்காகச் சாப்பாட்டுப் பொட்டலம் எண்ணிக் கட்டிய அதே கை, அந்தச் சாவியையும் சட்டைப்பையில் வைத்திருக்கிறது! அவளால் அதைத் தாங்கவே முடியவில்லை. சொன்னால் ஆர்டர் போகும். சொல்லாவிட்டால் நாளையோ மறுவாரமோ அந்தப் பூட்டு மறுபடி வந்து உட்கார்ந்துகொள்ளும். இன்னொரு கோடை வரும். புகை வரும்.

கண்ணாடிக்காரியின் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது.

பாலம் சொன்னாள். சின்னச் சின்ன வாக்கியமாகச் சொன்னாள். அந்தக் கதவு இன்றைக்குத்தான் திறந்திருக்கிறது. மற்ற நாளெல்லாம் பூட்டு. அதைத்தான் இவர்கள் கேலி செய்கிறார்கள். நான் திரையில் உங்களிடம் சொன்னது தவறு.

கண்ணாடி மூக்குக்கு இறங்கியது. "சாவி யாரிடம்?" என்று கண்ணாடிக்காரி நேராக ரேடியோவைப் பார்த்துக் கேட்டார். பாலம் மாற்றிச் சொன்னதும், முதல் தடவையாக ரேடியோ பேச்சில்லாமல் நின்றாள். அவள் கண் முதலாளி பக்கம் போனது. அவ்வளவு போதுமாக இருந்தது. கூட்டம் முழுக்கச் சிரிப்பு அணைந்தது. என்ன நடந்துவிட்டது என்று ஒவ்வொருத்திக்கும் மெதுவாகப் புரிந்தது.

நெட்டையர் யாரையும் திட்டவில்லை. எல்லோரையும் பார்த்துத் தலைகுனிந்து விடைபெற்றார். "நாங்கள் கிளம்புகிறோம். பிறகு எழுதுவோம்" என்றார். வாடகைக் காரிலேயே விமான நிலையத்துக்குப் போய்விட்டார்கள். அவளைக் கூப்பிடவில்லை.

அண்ணன் அவள் முன்னால் வந்து நின்றார். கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் குரல் உடைந்திருந்தது. "பாலம்னு பேரு வச்சேன். என்னை நிக்க வச்சே இடிஞ்சு விழுந்துட்டியேடி" என்றார். ரேடியோ புல்லில் உட்கார்ந்து, "என் வாயில ஒரு பூட்டைப் போட்டிருக்கக் கூடாதா" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவளைத் தேற்ற யாரும் போகவில்லை. எல்லோருக்கும் கோபம். சிலருக்கு ரேடியோ மேல், சிலருக்குப் பாலம் மேல். திரும்பும் பேருந்தில் பாலத்தின் பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது.

மறுநாள் காலை அவள் போகும்போது எல்லோரும் வாசலிலேயே நின்றார்கள். ஒருத்தியும் உள்ளே போகவில்லை. அந்தப் பிளாஸ்டிக் புல் இன்னும் விரித்தபடியே கிடந்தது.

"கதவைத் திறந்தாச்சு. போய் உக்காருங்க" என்று அண்ணன் எரிச்சலோடு சொன்னார். "அதான் எல்லாம் போச்சே. இருக்கிற தோலையாவது தைச்சு முடிங்க."

ரேடியோ முன்னால் வந்தாள். கண் வீங்கியிருந்தது. "ராத்திரி முழுக்க யோசிச்சேன் முதலாளி. ஆர்டர் போனதுக்காக அழுதேன். அப்புறம் போன கோடைப் புகை ஞாபகம் வந்துச்சு. இதை நாங்க முன்னாடியே கேட்டிருக்கணும். சிரிச்சுச் சிரிச்சே விட்டுட்டோம்." ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள். "பூட்டைக் கழட்டினா நாளைக்கு மறுபடி மாட்டலாம். கதவையே கழட்டுங்க. அப்பத்தான் உக்காருவோம்."

அண்ணன் வாயைப் பிளந்தார். அவர் முன்னால் உட்காரக்கூட மாட்டாத பெண்கள்! தங்கையைத் திரும்பிப் பார்த்தார். இவள்தான் சொல்லிக் கொடுத்திருப்பாள் என்று நினைத்தாரோ என்னவோ. ஆனால் அவளும் அவரைப் போலவே வாயைப் பிளந்துகொண்டுதான் நின்றாள்.

மெஷின்களைப் பழுது பார்க்கும் பிட்டர் வந்தார். கீல்களைக் கழட்டினார். கதவைத் தூக்கிப் போய்ச் சுவரில் சாய்த்தார்கள். பிறகுதான் மெஷின்கள் ஓடின. தோல் திருட்டுப் போகாமல் இருக்க, கிடங்குக்குத் தனியாக ஒரு கம்பிக் கதவு போட்டுக்கொள்ளலாம் என்று வெட்டும் பகுதிக்காரர் ஒருவர் சொன்னார். இவ்வளவுதானா விஷயம்! இதை யோசிக்காமலா இத்தனை காலம் ஆட்களை வைத்துப் பூட்டினோம் என்று அண்ணன் முணுமுணுத்ததைப் பாலம் கேட்டாள். கேட்காதது போல இருந்துவிட்டாள்.

நடந்ததை அவள் அப்படியே எழுதி அனுப்பினாள். கெஞ்சவில்லை. மாத முடிவு வந்தது. அரைச் சம்பளத்துக்கு உள்ளூர்க் கடைகளுக்குத் தைத்தார்கள். சிலர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அண்ணன் தன் காரை விற்றார். அவளோடு தேவைக்கு மேல் பேசுவதில்லை.

பிறகு ஒரு மத்தியானம் பதில் வந்தது. சோதனைக்குச் சின்னதாக ஒரு ஆர்டர். நல்லபடி முடிந்தால் பெரியது. வேலை நடக்கும் நாளில் நேரில் வந்து பார்ப்போம். அவள் அதைப் படித்துக்கொண்டே அண்ணனிடம் ஓடினாள், கடைசி வரிக்கு வரும்போது கால் தானாக நின்றது.

"என்ன பாப்பா? என்ன போட்டிருக்கு?"

"தொழிலாளிங்ககிட்ட பேசும்போது மொழிபெயர்க்க அவங்களே வேற ஆளைக் கூட்டிட்டு வருவாங்களாம். முதலாளியோட தங்கச்சி அந்த ரூம்ல இருக்கக் கூடாதாம். என் மேல சந்தேகம் இல்லையாம், அது அவங்க விதியாம்."

அண்ணனுக்கு மூக்குச் சிவந்துவிட்டது. மாதக்கணக்கில் அவளோடு சரியாகப் பேசாதவர், அவளுக்காகக் கத்தினார். "உண்மையைச் சொன்னவளையே வெளியே உக்கார வைப்பாங்களா! இது என்ன நியாயம்? நீ இல்லாம இந்த ஆர்டர் ஏது? ஆர்டரே வேணாம்னு எழுது!"

அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். வலித்தது. பாத்திரம் தேய்த்துக்கொண்டு கற்ற பாஷை. தலை நரைக்கும்வரை எழுதிய கடிதம். ஆனாலும், "அவங்க சொல்றது சரிதாண்ணே" என்றாள். "நான் சொன்னேன். சரி. அன்னைக்கு நீ சொன்னபடி நான் வாயை மூடியிருந்தா, அவங்களுக்கு யாரு சொல்லியிருப்பா?"

"சரி, வரச்சொல்லி எழுது" என்றார் அண்ணன்.

வந்தார்கள். கூடம் அன்றைக்கு இரைச்சலும் தூசியுமாக இருந்தது. நெட்டையர் தும்மிக்கொண்டே சுற்றிப் பார்த்தார். பிறகு பெண்களை ஐந்தாறு பேராக உணவறைக்குக் கூப்பிட்டார்கள். வேறு ஊரிலிருந்து வந்த ஒரு சின்னப் பெண், அந்தப் பாஷையைக் கல்லூரியில் படித்தவளாம், பாலத்துக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

வெளியே பெஞ்சில் அண்ணனும் தங்கையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். உள்ளே ரேடியோவின் குரல் ஏறியது, இறங்கியது. வார்த்தை பிடிபடவில்லை. திடீரென்று எல்லோரும் சிரித்தார்கள். அதே சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு.

அண்ணன் சட்டென்று நிமிர்ந்தார். "எதுக்குச் சிரிக்கிறாங்க? என்ன சொல்றாங்க பாப்பா?"

"தெரியலையேண்ணே."

"உனக்குமா தெரியலை?"

"எனக்கும்தான்."

அண்ணன் வேர்வையைத் துடைத்துக்கொண்டார். யோசித்து யோசித்து, மெதுவாகக் கேட்டார். "நாம வேற எதையாவது பூட்டி வச்சிருக்கோமா?"

அவள் எழுந்தாள். அவரையும் கையைப் பிடித்து எழுப்பினாள். "வாண்ணே. அவங்க வெளியே வர்றதுக்குள்ள நாமளே ஒரு சுத்து சுத்திப் பார்த்துடலாம்" என்றாள். இருவரும் கிடங்கிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு கதவாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டே போனார்கள்.